கை பொறுக்கும் சூடு

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஆறு பட்டன் வைத்த மின்சாரக் கெட்டில் ஒன்று இருக்கிறது. 40, 60, 70, 80, 90, 100 என்று பட்டனுக்கு ஓர் எண். எதை அழுத்துகிறோமோ அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஒரு 'பீப்' கொடுக்கும். வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், பிறகு கேட்டார்: "கொதிச்சாத்தானே வெந்நீ? எண்பது இன்னாத்துக்கு, நாப்பது இன்னாத்துக்கு?"

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கொதிநிலை, உருகுநிலை எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். இருந்தும் அம்மா ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பதில் சொல்ல எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

நாங்கள் இருப்பது நொச்சிக்குப்பம். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, குடியிருப்பு வாரிய வீட்டில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் லூப் ரோடு, அதைத் தாண்டி ஃபைபர் போட்டுகள், அதையும் தாண்டி வங்கக் கடல். அம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். முன்பு சாலையோரத்தில் பலகை போட்டு விற்றார். 2024ல் புது மீன் அங்காடி திறந்த பிறகு அதற்குள் ஒரு கடையில். விடிவதற்கு முன்பே ஐஸுக்குள் கையை விட்டு மீன் எடுக்கிறவர், வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்பது கை கால் நனைக்க வெந்நீர்தான். எவ்வளவு சூடு வேண்டும் என்றால், "கை பொறுக்கும் சூடு" என்பார். அவ்வளவுதான் அவருடைய அளவு.

அந்த அளவை அளந்து பார்க்க ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகலமான எவர்சில்வர் பேசினில் கொதித்த தண்ணீரை ஊற்றினேன். அம்மா விரலை விட்டு, "இன்னும் கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம்." ஊற்றினேன். "போதும், இது பொறுக்கும்" என்று கையை உள்ளே வைத்தபோது வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன். 43 டிகிரி. அடுத்த ஞாயிறு 42. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் 43. ஒரு நாளும் 44ஐத் தாண்டவில்லை. ஐஸில் முப்பது வருடம் மரத்துப்போன கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கை, ஒரு டிகிரிக்கு மேல் முன்னே பின்னே போகாமல் அளக்கிறது.

இது தற்செயல் அல்ல. நம் தோலுக்குள் ஓடும் வலி நரம்புகளின் நுனியில் நுண்ணிய கதவு போன்ற ஒரு புரதம் இருக்கிறது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். சூடு ஏறக்குறைய 43 டிகிரியைத் தொட்டதும் அந்தக் கதவு திறக்கும். மின்னேற்றம் கொண்ட சோடியம், கால்சியம் அயனிகள் நரம்புக்குள் பாயும். அந்தச் சிறு மின்துடிப்பு மூளைக்குப் போய் 'சுடுது' என்று சொல்லும். 1997ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவும் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி நமக்கு மிக நெருக்கமானது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வெந்நீருக்குத் திறக்கும் அதே கதவு. காரமும் சூடும் நரம்புக்கு ஒரே சேதி. அதனால்தான் மிளகாய் கூடிப்போன மீன் குழம்பைச் சாப்பிட்டு 'எரியுது' என்கிறோம்; நாக்கைப் பொறுத்தவரை அது உண்மை. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, ஆர்டம் பட்டபூட்டியானோடு சேர்த்து.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து 40ஐ அவரே அழுத்துகிறார். கதவு திறப்பதற்கு மூன்று டிகிரி முன்னால் நிற்கும் தண்ணீர் அது. முதல் பட்டனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கெட்டிலுக்குள் இருக்கும் 'விரல்' எது என்று பார்க்கலாம். சாதாரணக் கெட்டிலுக்கு எண் தெரியாது. தண்ணீர் கொதித்ததும் நீராவி ஒரு சின்ன வழியாக இறங்கி, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகட்டின் மேல் படும். சூட்டில் ஓர் உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். ஆகவே தகடு 'டப்' என்று வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மூடியைத் திறந்து வைத்தால் அப்படிப்பட்ட கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆவி மேலே போய்விடுகிறது, தகட்டுக்குச் சேதி போவதில்லை. அதற்குக் கொதி என்ற ஒரே ஒரு சொல்தான் தெரியும்.

எண் போட்ட கெட்டிலில் அடித்தட்டை ஒட்டி மிளகளவு ஒரு மணி இருக்கிறது. தெர்மிஸ்டர் என்பார்கள். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த பொருள். செம்புக் கம்பி சூடேறினால் மின்தடை கூடும், இது நேர்மாறு. சூடு ஏற ஏற இதன் தடை சரிந்துகொண்டே போகும்; அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குப் போவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சூட்டில் தடை குறையும் இந்த விந்தையை 1833லேயே வெள்ளி சல்ஃபைடில் மைக்கேல் ஃபாரடே கண்டு எழுதிவைத்தார். கெட்டிலுக்குள் இருக்கும் சிறு சில்லு இந்தத் தடையைத் திரும்பத் திரும்பப் படித்து டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. சூடு ஏறினால் மின்சாரம் எளிதாக ஓடுவது; அதைக் கொண்டு சூட்டை அறிவது. அம்மாவின் விரலும் இதைத்தான் செய்கிறது. அதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து 80ஐ அழுத்தினால், அணைந்த பிறகும் சூடு நாலு டிகிரி ஏறிப் போகிறது. அடித்தட்டு அதற்குள் நன்றாகச் சூடேறியிருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் தன்னிடம் உள்ளதைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் வைத்தால் இந்த மிச்சச் சூடு பரவிக் கரைந்துவிடுகிறது. ஆகவே எண்ணைச் சரியாக நம்ப வேண்டுமானால் கெட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டும்.

100 என்ற கடைசி பட்டனுக்கு வருகிறேன். 1742ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் இந்த அளவுகோலைப் போட்டபோது கொதிநீருக்குப் பூஜ்யமும் பனிக்கட்டிக்கு 100ம் வைத்தார். அவர் 1744ல் இறந்த பிறகு அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. இரண்டு முனையில் எந்த முனைக்கு எந்த எண் என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அதைவிட முக்கியமானது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது எங்கள் ஊருக்கு உண்மை, ஊட்டிக்கு உண்மை இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அங்கே இந்தக் கெட்டிலில் 100 என்ற பட்டனை அழுத்தினால், அந்த எண்ணை அது ஒருபோதும் எட்டாது. ஊட்டியில் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்பார்கள். காரணம் இந்த ஏழு டிகிரிதான்.

கொதிப்பது என்றால் என்ன என்று கேட்டால் இது விளங்கும். தண்ணீருக்குள் எழும் ஆவிக் குமிழி தன்னை மேலிருந்து அமுக்கும் காற்றின் எடையைத் தாங்கி நிற்க வேண்டும். அமுக்கத்துக்குச் சமமான பலம் ஆவிக்குக் கிடைக்கும் சூடுதான் கொதிநிலை. கடற்கரையில் காற்றின் முழு எடையும் தலைமேல் இருக்கிறது, அதனால் 100. மலையேறினால் எடை குறைகிறது. குமிழிக்கு வேலை எளிது. அப்படியானால் காற்றை முழுக்க எடுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில், பள்ளிக்கரணையில் இருக்கிறது. 1993ல் தொடங்கப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அடுப்பே இல்லாமல் கடல் நீரைக் கொதிக்கவைத்துக் குடிநீர் எடுக்கும் முறையை அங்குள்ள பொறியாளர்கள் வடிவமைத்து, 2005ல் லட்சத்தீவின் கவரத்தியில் நிலையம் கட்டினார்கள். கடலின் மேல்மட்டத்துத் தண்ணீர் அங்கே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் கை அதைச் சூடு என்றே சொல்லாது. அதை ஒரு பெரிய அறைக்குள் விடுகிறார்கள். அறைக்குள் காற்றழுத்தம், வெளியே இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் அந்தத் தண்ணீர் கொதிக்கிறது. குமிழி விடுகிறது, ஆவி எழும்புகிறது. அந்த ஆவியில் உப்பு இல்லை. ஆழ்கடலில் சுமார் 350 மீட்டரிலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரைக் கொண்டு அதை மறுபடி தண்ணீராக்கிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். 2007ல் சென்னைக் கரைக்கு அப்பால் ஒரு மிதவைக் கப்பலின் மேலேயே இதைச் செய்து காட்டினார்கள், நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவில்.

ஆவியாவதற்குத் தேவையான வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இன்னும் வியப்பு. தண்ணீர் தன் சொந்தச் சூட்டைச் செலவழித்தே ஆவியாகிறது. நூறு லிட்டர் கடல் நீர் ஆறு டிகிரி குளிர்ந்தால், அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர்தான் ஆவியாகும். ஒரு லிட்டர் நீரை எங்கள் குழாயின் 30 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற சுமார் 293 கிலோஜூல் போதும். அதே லிட்டரை முழுக்க ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும், ஏறக்குறைய எட்டு மடங்கு. கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீரின் சூடு ஏறாமல் நிற்பதும், ஆவி பட்ட புண் வெந்நீர் பட்ட புண்ணைவிடக் கொடுமையாக இருப்பதும் இதனால்தான். அந்த எட்டு மடங்கும் தோலில் இறங்குகிறது.

"நம்ம கடல் தண்ணியே, காத்து இல்லன்னா கொதிக்குமா?" என்று அம்மா ஜன்னல் வழியே பார்த்துக் கேட்டார். ஆமாம், கொதிக்கும்.

கெட்டில் ஓடும்போது அடுப்படியில் பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். முதல் ஒரு நிமிடம் மௌனம். பக்கவாட்டில் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது, கொதி அல்ல. பிறகு ஒரு சீற்றம் கிளம்பி மேலே மேலே போகும். அடித்தட்டில் பிறக்கும் ஆவிக் குமிழிகள், மேலே இன்னும் ஆறியிருக்கும் தண்ணீருக்குள் நுழைந்ததும் நொறுங்கி மறைகின்றன. ஆயிரக்கணக்கான அந்தச் சின்ன நொறுங்கல்களின் கூட்டொலிதான் சீற்றம். தண்ணீர் முழுக்கச் சூடேறியதும் குமிழி நொறுங்காமல் மேல்வரை வந்து உடையும். சத்தம் தாழ்ந்து 'களகள' என்றாகும். இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, இரைச்சல் தாழும்போதுதான் கொதிக்கிறது. நம் பாட்டிகள் உலையைப் பார்க்காமலே பக்கத்து அறையிலிருந்து 'கொதி வந்துடுச்சு' என்று சொன்னது இந்த மாற்றத்தைக் கேட்டுத்தான்.

70க்கு ஒரு முக்கியமான கதை இருக்கிறது. என் தங்கை பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது, முதல் சில வாரம் டாக்டர் சொன்னபடி தாய்ப்பாலோடு கொஞ்சம் பால் மாவும் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டப்பாவில் இருக்கும் மாவு கிருமியே இல்லாத பொருள் என்று எல்லோரும் நினைக்கிறோம், அப்படி இல்லை. க்ரோனோபாக்டர் என்ற பாக்டீரியா உலர்ந்த மாவில் உயிரோடு இருக்கக்கூடும். பச்சைக் குழந்தைகளுக்கு அது மூளைக் காய்ச்சல்வரை கொண்டுபோகும். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் மாவைக் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் வழிகாட்டியது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் மாவில் உள்ள கிருமி சாகாது, பெருகவும் வசதியாகும். இங்கே ஒரு தவறு நடக்க வாய்ப்பு உண்டு. குழாய்த் தண்ணீரை நேரே 70ல் நிறுத்தி அதில் கரைக்கக் கூடாது. முதலில் 100 வரை கொதிக்கவிட்டு, அரை மணிக்குள், 70க்குக் கீழே இறங்குவதற்கு முன் கரைத்து, பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடைசி அளவு மறுபடியும் தோல்தான்.

பெரும்பாலான நோய்க் கிருமிகள் 70 டிகிரியிலேயே ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். பிறகு ஏன் ஊரெல்லாம் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்கிறார்கள்? வெப்பமானி இல்லாத வீட்டில் 70ஐக் கண்ணால் பார்க்க முடியாது, கொதியைப் பார்க்கலாம். கொதி என்பது எல்லோருக்கும் தெரிகிற ஓர் அடையாளம். அதற்குள் பாதுகாப்புக்கு முப்பது டிகிரி மிச்சமும் இருக்கிறது. எண் காட்டும் கெட்டில் வந்துவிட்டது என்பதற்காக இந்தப் பழக்கத்தை விட வேண்டாம். வெள்ளக் காலத்தில் லாரித் தண்ணீரோ அடிபம்புத் தண்ணீரோ பிடித்தால் 100தான். ஆனால் கொதிக்கவைத்தால் உப்பு போகாது. ஆவியான அளவுக்கு உப்பு கெட்டிப்படத்தான் செய்யும்.

அம்மாவுக்கு நான் காட்டியதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது இறால். உரித்த பச்சை இறால் இரண்டை வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து 80 டிகிரித் தண்ணீரை மேலே ஊற்றினேன். சாம்பல் நிறத்தில் கண்ணாடி போலிருந்தது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ஆரஞ்சாகி, வளைந்து, வெண்மை ஏறியது. ஆயுளில் எத்தனையோ கூடை இறால் பார்த்தவர், "செவப்பு எங்கேருந்து வருது?" என்று அன்றைக்குத்தான் கேட்டார். சிவப்பு முதலிலிருந்தே அதற்குள் இருக்கிறது. அஸ்டாக்சாந்தின் என்ற அந்த நிறமியை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து மறைத்துவைத்திருக்கிறது. சூட்டில் புரதம் குலைந்து பிடி விடுகிறது, சிவப்பு வெளியே தெரிகிறது. அதற்குக் கொதி தேவையே இல்லை. இறாலையும் மீனையும் தளதளவென்று கொதிக்கவிடுவதால்தான் அவை ரப்பராகின்றன என்று நான் உறுதியாகச் சொல்வேன். குழம்பு கொதித்த பிறகு மீனைப் போட்டு, தணலைத் தணித்து, மூடி இறக்கும் எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் இது எண் இல்லாமலே தெரியும்.

80 என்ற எண் உண்மையில் பச்சைத் தேயிலைக்காக வைத்தது. கொதிநீர் ஊற்றினால் இலையிலிருந்து துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டச்சின்கள் அதிகமாக இறங்கும். இனிமை தரும் அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். நீலகிரிப் பச்சைத் தேயிலையைக் கசப்பு என்று ஒதுக்கியவர்கள் ஒருமுறை 80ல் போட்டுப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பால் டீக்கான தூள் வேறு ஜாதி. அதற்கு நல்ல கொதி வேண்டும், பாத்திரத்தில், அடுப்பில். பாலைக் கெட்டிலில் ஊற்றவே கூடாது. பாலின் புரதம் அடித்தட்டில் தீய்ந்து ஒட்டும். மேலே ஆடை மூடி, ஆவி வெளியேற வழியில்லாமல் பொங்கி, மின் இணைப்பு இருக்கும் அடிப்பாகத்தில் வழியும்.

ஃபில்டர் காபிக்கு 90 பட்டனை நான் பரிந்துரைக்க மாட்டேன். காபித் தூளில் உள்ளது நன்றாக இறங்கத் தண்ணீர் தூளைத் தொடும்போது 90க்கு மேல், 96க்குள் இருக்க வேண்டும் என்பது காபி வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. நம் எவர்சில்வர் ஃபில்டரும் ஆறிய தூளும் சேர்ந்து ஐந்தாறு டிகிரியை விழுங்கிவிடும். 100ல் கொதிக்கவிட்டு, குமிழி அடங்கியதும் ஊற்றினால் டிகாஷன் கெட்டியாக இறங்குகிறது. குடிக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆற்றிக் குடிக்கும் நம் டபரா டம்ளர் வழக்கம் உடம்புக்கு நல்லது.

மூன்று மாதத்தில் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒன்று படியத் தொடங்கியது. 'உப்பு கட்டிடுச்சு' என்று வீட்டில் சொன்னார்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எல்லா வெள்ளையும் உப்புதான். சாப்பாட்டு உப்பு சூட்டில் நன்றாகவே கரையும், இப்படி ஒட்டாது. இது சுண்ணாம்பு. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது சூடேறும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகக் கீழே உட்காருகிறது. எங்கள் மணலில் கிடக்கும் கிளிஞ்சலும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஒரு கிளிஞ்சலையும், கெட்டிலில் சுரண்டிய பொருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டில் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். இரண்டும் ஒன்றுபோலப் பொரிந்து நுரைத்தன. கடலில் அந்தச் சிறு உயிர் தண்ணீரிலிருந்து பொறுமையாக எடுத்துக் கட்டிய வீட்டை, எங்கள் கெட்டில் சூட்டால் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில்தான் பழைய மதராஸின் சுவர்கள் பளிங்கு போல் மெருகேறின.

இந்தப் படிவை அப்படியே விட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தட்டிலேயே தேங்கும், தெர்மிஸ்டரும் தப்பாகப் படிக்கும். மாதம் ஒருமுறை இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரைச் சூடாக்கி அரை மணி வைத்தால் போய்விடும். எவ்வளவு படியும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. நெம்மேலி ஆலையில் 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். அங்கே கொதிக்கவைப்பதில்லை, காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய அறுபது மடங்கு அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளுகிறார்கள். அப்படி வந்த நீரிலும் கேன் தண்ணீரிலும் சுண்ணாம்பு குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரில் மிக அதிகம்.

மின்சாரச் செலவை எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க, வீணாவதையும் சேர்த்து, யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 1,500 வாட் கெட்டிலில் நான்கு நிமிடம். நாளுக்கு மூன்று லிட்டர் என்றால் இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கும். கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீதத் திறனோடு எரிய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஜன்னல் காற்றில் அது கிடைப்பதில்லை, தீ நாக்கு பாத்திரத்துக்கு வெளியே அலைகிறது. ஆனால் இந்த மின்சாரம் எப்படி வருகிறது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டும். வடக்கே அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள். தெற்கே கல்பாக்கத்தில் 1984ல் உற்பத்தியில் இறங்கிய அணுமின் நிலையமும் அணுவைப் பிளந்து தண்ணீரைத்தான் கொதிக்கவைக்கிறது. அந்த ஆவி சுழற்றும் டர்பைனால் பிறக்கும் மின்சாரம், கம்பி வழியே எங்கள் வீட்டுக்கு வந்து, மறுபடி ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது; மிச்சத்தில் ஒரு பகுதி இதே கடலுக்குள் போகிறது. ஆகவே தேவைப்படும் அளவுக்கு ஊற்றி, தேவைப்படும் எண்ணில் நிறுத்துவது நல்லது. 80 போதும் என்ற இடத்தில் 100க்குப் போகாமல் இருந்தால் பத்தில் மூன்று பங்கு மிச்சம்.

போன வருடம் ஒரு நாள் காலை கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. பிளக்கைத் தொட்டேன், சுட்டது. பிடுங்கிப் பார்த்தால் பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு, ஒரு முள் கறுத்து, சாக்கெட்டின் ஓரம் உருகியிருந்தது. எங்கள் வீட்டில் எதன் மேலும் உப்புக் காற்று படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் உலோகத்தைத் தின்னும். களிம்பு ஏறிய முள் சாக்கெட்டை முழுக்கத் தொடாது. அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே, 1,500 வாட் கெட்டில் இழுக்கும் ஆறரை ஆம்பியரில் 21 வாட் வெப்பம் அந்த முள்ளில் பிறக்கும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சாலிடரிங் அயர்ன் ஏறக்குறைய அவ்வளவுதான். சின்ன சாக்கெட் தாங்கக்கூடியது 6 ஆம்பியர். நான் அதில் சொருகியிருந்தது என் தவறு. இப்போது 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் இணைப்போடு.

உங்கள் வீட்டில் கெட்டில் இருந்தால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி முள்ளைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ தெரிந்தால் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கெட்டிலின் வயர் மேடை விளிம்பில் தொங்கினால் எடுத்து உள்ளே தள்ளி வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். தவழும் பிள்ளை அந்த வயரைப் பிடித்து இழுத்தால் அத்தனை நேரம்கூட ஆகாது.